எபிசோட் 41: ரஞ்சிக்கு ஒரே ஒரு அட்டைன்னா, எந்த அட்டை?

(பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கோம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

இந்த எபிசோட் ஒரு மெயில்ல ஆரம்பிக்குது. அனுப்பினவர் ஒரு பி.டி. சார். கல்வராயன் மலையில ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. ஸ்போர்ட்ஸ் ரூம்ல ஒரு சுவர் காலியா இருக்காம். அங்க ஒரே ஒரு பழைய கிரிக்கெட் அட்டையை ஃப்ரேம் போட்டு மாட்டணும்னு ஆசைப்படறார். ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டார்: ரஞ்சித்சிங்ஜி. "ரஞ்சி டிராபின்னு பசங்க தினம் சொல்றாங்க, ரஞ்சி யாருன்னு கேட்டா முழிக்கிறாங்க. அவரோட உச்சமான சீசனைக் காட்டுற ஒரு அட்டை சொல்லுங்க தம்பி. பட்ஜெட் ஒண்ணுக்குத்தான் இருக்கு"ன்னு எழுதியிருந்தார்.

அஞ்சு நிமிஷத்துல பதில் போட்டுடலாம்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு. காரணத்தைச் சொல்றதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு.

186ஆ, 200ஆ?

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. லீவு விட்டா கச்சிராயபாளையத்துல மாமா வீடு. கோமுகி அணைக்குப் பக்கம், மலை ஏறுறதுக்கு முன்னாடி வர்ற ஊர். மாமா பையனுக்கும் எனக்கும் ஒரே வயசு. பொழுதுபோக்கு ட்ரம்ப் கார்டு. தெரியாதவங்களுக்கு: ஒவ்வொரு கார்டுலயும் ஒரு ப்ளேயர், அவரோட மேட்ச், ரன், அதிகபட்ச ஸ்கோர், விக்கெட். நீ ஒரு கணக்கைச் சொல்லணும், எதிராளி கார்டுல அதைவிடப் பெரிய நம்பர் இருந்தா உன் கார்டு அவனுக்கு.

2010 பிப்ரவரி 24. குவாலியர்ல தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா சச்சின் 200 நாட் அவுட். ஆண்கள் ஒருநாள் சர்வதேசப் போட்டியில முதல் இரட்டைச் சதம். அடுத்த லீவுல விளையாட உட்கார்ந்தோம். அவன் கையில சச்சின். "அதிகபட்ச ஸ்கோர், 200"ன்னான். நான் கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன். 186 நாட் அவுட்னு இருந்துச்சு. அது 1999ல ஹைதராபாத்ல நியூசிலாந்துக்கு எதிரா அடிச்சது. அந்த ரவுண்டுல என்கிட்ட இருந்தது சயீத் அன்வர், 194. "கார்டுல என்ன இருக்கோ அதான் கணக்கு, கார்டைக் கொடு"ன்னேன். "ஊருக்கே தெரியும்டா 200ன்னு"ன்னு அவன் கத்தினான். கடைசில பால்பாயின்ட் பேனாவால 186ஐ அடிச்சிட்டு 200ன்னு எழுதிட்டான். நான் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டேன். ஒரு மாசம் பேச்சு இல்ல.

பி.டி. சார் கேட்ட கேள்வியும் அன்னைக்கு நாங்க போட்ட சண்டையும் ஒண்ணுதான். அட்டை ஒரு நாள்ல அச்சாகுது. மனுஷன் அடுத்த நாளும் ஆடுறான். என் வேலை பாஷையில சொன்னா, அட்டைங்கறது ஒரு ஸ்னாப்ஷாட். அதுக்கு அப்டேட் வராது. அப்போ ஒரு சீசனோட அட்டை எது? அந்த வருஷம் அச்சானதா, அந்த வருஷத்தைப் பத்திப் பேசுறதா?

சிகரெட் பாக்கெட்டுக்குள்ள ஒரு கிரிக்கெட்டர்

அட்டை எங்கிருந்து வந்துச்சுன்னு வேகமா பார்த்துடுவோம். 19ஆம் நூற்றாண்டு கடைசியில சிகரெட் மெல்லிசான காகிதப் பாக்கெட்ல வந்துச்சு. நசுங்காம இருக்க உள்ள ஒரு கெட்டி அட்டை வைப்பாங்க. அந்த அட்டையைச் சும்மா ஏன் விடணும்னு 1880கள்ல அமெரிக்க கம்பெனிகள் படம் அச்சடிக்க ஆரம்பிச்சாங்க: நடிகைகள், குத்துச்சண்டைக்காரங்க, பேஸ்பால்காரங்க. ஒரு செட் முழுசா சேரணும்னா அதே பிராண்டைத் திரும்பத் திரும்ப வாங்கணும். இன்னைக்கு ஆப்ல தினமும் லாகின் பண்ணா காயின் தர்றாங்களே, அதோட கொள்ளுத்தாத்தா இது.

இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி இதைப் பிடிச்சுக்கிச்சு. 1896ல 'கிரிக்கெட்டர்ஸ்'னு 50 அட்டை கொண்ட செட்டை வெளியிட்டாங்க. ரஞ்சி அதுல இருக்கார்.

வில்ஸ்ங்கற பேரைக் கேட்டதும் 90ஸ் கிட்ஸுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். 1996 உலகக் கோப்பைக்குப் பேரே வில்ஸ் உலகக் கோப்பை. சேப்பாக்கத்துல ஒரு காலிறுதி நடந்துச்சே, அதேதான். 523 ரன்னோட அந்தத் தொடர்ல அதிக ரன் அடிச்சது சச்சின். ரஞ்சி படத்தைப் பாக்கெட்டுக்குள்ள வச்ச பிராண்டு, சரியா 100 வருஷம் கழிச்சு சச்சின் ஆடின கோப்பைக்குப் பேர் கொடுத்திருக்கு. இந்த விஷயத்தை அப்படியே ஓரமா வச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

முதல்ல சீசன், அப்புறம்தான் அட்டை

ரஞ்சியோட உச்ச சீசன் எதுன்னு கேட்டா மூணு பதில் இருக்கு.

1896: முதல்தரப் போட்டிகள்ல 2,780 ரன், 10 சதம், சராசரி 57.91.
1899: 3,159 ரன், சராசரி 63.18. ஒரே சீசன்ல 3,000 ரன்னைத் தாண்டின முதல் ஆள்.
1900: 3,065 ரன், சராசரி 87.57.

வெறும் நம்பரைப் பார்த்தா 1896 மூணாவது இடம். எக்ஸெல்ல போட்டு சார்ட் பண்ணா 1900தான் ஜெயிக்கும். ஆனா நான் 1896க்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஏன்னா மத்த ரெண்டும் நல்ல சீசன், 1896 ஒரு கதவு திறந்த சீசன்.

அந்தக் காலத்துல இங்கிலாந்து டெஸ்ட் டீமை ஒரே தேர்வுக் குழு எடுக்காது. எந்த மைதானத்துல மேட்ச்சோ அந்த மைதானத்தோட கமிட்டிதான் எடுக்கும். 1896ல ஆஸ்திரேலியா வந்திருந்துச்சு. முதல் டெஸ்ட் லார்ட்ஸ்ல. எம்.சி.சி. கமிட்டி ரஞ்சியை எடுக்கல. ஆள் பயங்கர ஃபார்ம்ல இருக்கார், ஆனா இந்தியால பிறந்தவர் இங்கிலாந்துக்கு ஆடலாமாங்கறது பத்திரிகையெல்லாம் விவாதம். ரெண்டாவது டெஸ்ட் மான்செஸ்டர், ஓல்ட் டிராஃபோர்டு. அங்க முடிவெடுக்கிறது லங்காஷயர் கமிட்டி. அவங்க எடுத்தாங்க.

ஜூலை 16 ஆரம்பம். முதல் இன்னிங்ஸ்ல 62. இங்கிலாந்து ஃபாலோ ஆன். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 154 நாட் அவுட். கடைசி நாள் காலையில 41ல ஆரம்பிச்சு, லன்ச்சுக்குள்ள 100 ரன்னுக்கு மேல சேர்த்துட்டார். டெஸ்ட்ல அதைச் செஞ்ச முதல் ஆள் அவர். இங்கிலாந்து 3 விக்கெட்ல தோத்துப் போச்சு. அடுத்த டெஸ்ட்ல இருந்து அவரை எடுக்கலாமா வேண்டாமாங்கற பேச்சே இல்ல.

அதே வருஷம் ஆகஸ்ட் 22. ஹோவ் மைதானம், யார்க்ஷயருக்கு எதிரா. ஒரே நாள்ல ரெண்டு இன்னிங்ஸ்லயும் சதம்: 100, 125 நாட் அவுட். முதல்தர கிரிக்கெட்ல ஒரே நாள்ல ரெண்டு தனித்தனி சதம் அடிச்சவர் அவர் ஒருத்தர்தான்.

சீசன் முடியும்போது, 25 வருஷமா யாரும் தொடாத ஒரு நம்பரைத் தாண்டியிருந்தார். 1871ல டபிள்யூ.ஜி. கிரேஸ் அடிச்ச 2,739. இங்க நேர்மையா ஒண்ணு சொல்லணும். கிரேஸுக்கு அது 39 இன்னிங்ஸ், சராசரி 78.25. ரஞ்சிக்கு 55 இன்னிங்ஸ். "அப்போ ரெக்கார்டு உண்மையில யாரோடது?"ன்னு கேட்கத் தோணும். தோணட்டும். இதே சண்டை இன்னொரு ஊர்ல, இன்னொரு விளையாட்டுல பெரிய அளவுல நடந்திருக்கு.

மாரிஸோட ரெண்டு அட்டை

அமெரிக்கா, 1961. பேஸ்பால். ரோஜர் மாரிஸ்னு ஒருத்தர். ஒரே சீசன்ல பேப் ரூத் 1927ல அடிச்ச 60 ஹோம் ரன்தான் ரெக்கார்டு. ஹோம் ரன்னை நம்ம சிக்ஸர் மாதிரி வச்சுக்கோங்க. மாரிஸ் அக்டோபர் 1ஆம் தேதி, சீசனோட கடைசி மேட்ச்ல 61வது அடிச்சார். ஆனா ரூத் காலத்துல சீசனுக்கு 154 மேட்ச், மாரிஸுக்கு 162. அதனால 154 மேட்ச்சுக்கு அப்புறம் முறிச்சா ரெக்கார்டு புத்தகத்துல தனியா குறிக்கணும்னு கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக் முன்னாடியே சொல்லிட்டார். கிரேஸ், ரஞ்சி இன்னிங்ஸ் கணக்கு மாதிரியே இருக்கா?

நமக்குத் தேவையானது இதுக்கு அப்புறம்தான். அந்தக் காலத்துல பபுள் கம்மோட அட்டை வித்தது டாப்ஸ் கம்பெனி. 1961 வருஷத்து செட்ல மாரிஸ் அட்டை இருக்கு. ஆனா அது சீசன் நடக்கும்போது கடைக்கு வந்தது. பின்பக்கம் இருக்கிற கணக்கு 1960 வரைக்கும்தான். 61ங்கற நம்பர் அதுல இல்ல. 1962 செட்ல, அந்த முழு செட்டுக்கும் நம்பர் 1 அட்டையா மாரிஸை வச்சாங்க. 61 அதுலதான் இருக்கு.

சேகரிக்கிறவங்க இங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி: "1961 அட்டைதான் ஒரிஜினல். அந்தக் கோடையில பசங்க கையில இருந்தது அதான். மாரிஸ் ஒவ்வொண்ணா அடிக்கும்போது சைக்கிள் கம்பியில சொருகியிருந்தது அதான்." இன்னொரு கட்சி: "சாதனை எந்த அட்டையில எழுதியிருக்கோ அதான் சாதனையோட அட்டை. 1962." முதல் கட்சிக்கு அட்டை ஒரு சாட்சி. ரெண்டாவது கட்சிக்கு அட்டை ஒரு பதிவு. கச்சிராயபாளையத்துல நான் யாரு, மாமா பையன் யாருன்னு இப்போ புரியுதா?

மேசையில மூணு அட்டை

ரஞ்சிக்குத் திரும்புவோம். சாருக்கு நான் போட்ட லிஸ்ட் இது.

முதலாவது, வில்ஸ் 1896. சாட்சி கட்சிக்கு இதைவிட நல்ல அட்டை கிடையாது. அதே வருஷம், அதே ஆள். வில்ஸோட முதல் கிரிக்கெட் செட்டுங்கறதால விலையும் ஏறும். 2,780ங்கற நம்பர் இதுல இல்ல. ஒண்ணு கவனம்: இந்த செட்டுக்கு ரீபிரிண்ட் நிறைய இருக்கு. பார்க்க அச்சு அசலா இருக்கும். பழைய அட்டைன்னா பல நேரம் பின்னாடி ஆல்பத்துல ஒட்டின பசைத் தடம், முனை மழுங்கல் எல்லாம் இருக்கும். மொழுமொழுன்னு புத்தம்புதுசா ஒண்ணு மலிவா கிடைச்சா சந்தேகப்படுங்க.

ரெண்டாவது, ஆக்டன்ஸ் கின்னி கோல்டு. 1900ஐ ஒட்டின வருஷங்கள்ல வந்தது. இதுல ஓவியம் கிடையாது, நிஜ போட்டோகிராஃப். பசங்களுக்கு முகம் காட்டணும்னா இதான் பெஸ்ட். பிரச்சினை, அட்டையில வருஷம் இருக்காது. எந்த சீசனைக் குறிக்குதுன்னு சொல்ல முடியாது. டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல்.

மூணாவது, வில்ஸ் 1901 செட். மறுபடியும் 50 அட்டை. அதுக்குள்ள ரஞ்சி 3,000 ரன் சீசனை ரெண்டு தடவை பார்த்துட்டார். 1899, 1900க்கு ஓட்டுப் போடறவங்களுக்கு இது சரி. எனக்கு இல்ல.

ஆக, 1896 வில்ஸ்தான். மெயில் டைப் பண்ணி, சென்ட் அழுத்தப் போறேன். அப்பதான் உறைச்சுது.

இது சிகரெட் விளம்பரம்.

எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதான். சிகரெட் வாங்க வைக்கிறதுக்காகவே பொறந்த அட்டை. 2003ஆம் வருஷத்து புகையிலைச் சட்டப்படி சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள சிகரெட் விக்கவே கூடாது. நான் என்னடான்னா பள்ளிக்கூடத்து உள் சுவர்ல, ஆறாங்கிளாஸ் பையன் கண்ணு மட்டத்துல, ஒரு சிகரெட் கம்பெனி பேரை ஃப்ரேம் போட்டு மாட்டச் சொல்றேன். 130 வருஷப் பழசு, சட்டம் அதைப் பிடிக்காதுன்னு வாதாடலாம். ஆனா அட்டையோட வேலையே வீரனோட முகத்தைக் காட்டி பிராண்டு பேரை மனசுல பதிக்கிறதுதான். 1896ல வேலை செஞ்ச டிரிக் இப்போ மட்டும் வேலை செய்யாதா? அது வேலை செய்யும்னு தெரிஞ்சுதான் 1996ல உலகக் கோப்பைக்கே பேர் வச்சாங்க.

இன்னொரு உறுத்தல்

சார்கிட்ட போன்ல பேசும்போது அவர் வேற ஒண்ணு சொன்னார். "இளவரசர்னு போட்ட அட்டை வேண்டாம் தம்பி." ஏன் சார்னு கேட்டேன். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை. அவர்கிட்ட படிக்கிற பசங்களோட தாத்தா, பாட்டிகள் அதைப் பார்த்தவங்க. "ராஜா வீட்டுப் பிள்ளை பெரிய ஆளானார்னு சொன்னா, எங்க பசங்க அதுல என்னத்தக் கத்துக்கறது?"ன்னார்.

நியாயமான கேள்வி. ஆனா வரலாறு இங்க கொஞ்சம் சிக்கல். இங்கிலாந்துல எல்லாரும் பிரின்ஸ்னு கூப்பிட்டாங்களே தவிர, 1896ல ரஞ்சி ராஜாவும் இல்ல, பட்டத்து வாரிசும் இல்ல. வாரிசா முதல்ல தேர்ந்தெடுத்தாங்க, அப்புறம் அந்த இடம் கைவிட்டுப் போச்சு. நவாநகர் அரியணை கிடைச்சது 1907ல. ஓல்ட் டிராஃபோர்டுல 154 அடிச்சவர், வேற நாட்டுல, எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாம காத்திருந்த 23 வயசுப் பையன். பசங்களுக்குச் சொல்ல வேண்டிய ரஞ்சி இவர்தான். பின்னாடி ராஜாவானதும், பிரிட்டிஷ் பேரரசுக்கு விசுவாசமா இருந்ததும், இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாததும் உண்மை. அதை மறைக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு பேரும் ஞாபகம் வந்துச்சு: பல்வங்கர் பாலூ. தலித் குடும்பத்துல பிறந்த இடதுகை சுழல்பந்து வீச்சாளர். 1911ல இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில மொத்தம் 114 விக்கெட் எடுத்தார். அதுவும் ஒரு மகத்தான சீசன்தான். அவர் முகத்தை எந்த சிகரெட் பாக்கெட் அட்டையிலும் நான் இதுவரை பார்த்ததில்ல. நம்ம ஊருக்கே வாங்க. 1988-89 ரஞ்சி சீசன்ல தமிழ்நாட்டோட டபிள்யூ.வி. ராமன் 1,018 ரன் அடிச்சு, 1944-45ல ரூசி மோடி அடிச்ச 1,008ஐத் தாண்டினார். அதுல கோவாவுக்கு எதிரா 313. அந்த சீசனுக்கு உங்க யார்கிட்டயாவது அட்டை இருக்கா? எது உச்ச சீசன்னு ஸ்கோர்புக் சொல்லும். எதுக்கு அட்டை வரணும்னு மார்க்கெட் சொல்லும்.

என் பதில்

கடைசியா சாருக்கு நான் எழுதினது இது.

"சார், நீங்க சேகரிக்கிறவரா இருந்தா வில்ஸ் 1896. அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க பள்ளிக்கூடச் சுவருக்குக் கேட்கறீங்க. அதுக்கு நான் சொல்றது அட்டையே இல்ல. 1897 ஆகஸ்ட் 26ஆம் தேதி லண்டன் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையில 'ஸ்பை'ங்கற ஓவியர் வரைஞ்ச வண்ணப்படம் வந்துச்சு. ரஞ்சி மட்டையோட நிக்கிறார். தலைப்புல பிரின்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் 'ரஞ்சி'. சிகரெட்டும் இல்ல. காப்புரிமைக் காலம் எப்பவோ முடிஞ்சாச்சு, நல்ல பிரிண்ட் எடுத்தா ஃப்ரேம் காசு மட்டும்தான்."

1896 சீசனுக்கு 1897 படமான்னு கேட்பீங்க. மாரிஸோட 1962 அட்டையை நினைச்சுக்கோங்க. ஒரு சீசன் பெருசுன்னு ஊர் ஒத்துக்கிறது அடுத்த வருஷம்தான். விஸ்டன் ரஞ்சியை வருஷத்தோட அஞ்சு சிறந்த வீரர்கள்ல ஒருத்தரா போட்டதும் 1897 பதிப்புலதான். அந்த விருது 1896க்கு. நம்பர் படத்துல இல்லைங்கற குறைக்கு ஒரு தீர்வு இருக்கு: கீழ நீங்களே எழுதுங்க. "ரஞ்சி. 1896 சீசன்: 2,780 ரன், 10 சதம். படம் வந்தது 1897." வருஷம் ரெண்டையும் மறைக்காம போடுங்க. பையன் ஒருத்தன் "ஏன் சார் ரெண்டு வருஷம் இருக்கு?"ன்னு கேட்பான். அப்போ கதையை ஆரம்பிங்க.

அதுல சேப்பாக்கத்தையும் சேர்த்துக்கச் சொன்னேன். ரஞ்சி இறந்தது 1933 ஏப்ரல். அவர் பேர்ல டிராபி ஆரம்பிச்சு முதல் மேட்ச் நடந்தது 1934 நவம்பர் 4, நம்ம சேப்பாக்கத்துல, மெட்ராஸ், மைசூர் மோதல். முதல் பந்தைப் போட்டது எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். மூணு நாள் மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு.

வாங்காம மிச்சமான பட்ஜெட்டுக்கும் ஒரு யோசனை கொடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, இந்த வருஷம் ஸ்கூல் டீம்ல ஆடின ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு. முன்னாடி போட்டோ. பின்னாடி ஸ்கோர்புக்ல இருந்து எடுத்த நிஜக் கணக்கு, சீசன் வருஷத்தோட. அடுத்த வருஷம் கணக்கு மாறினா புதுக் கார்டு. சார் இதுக்கு மட்டும் உடனே பதில் போட்டார்: "பேட் வாங்கற காசுல பிரிண்ட் போட்டுக்கறேன் தம்பி, ரெண்டு நாள் டைம் கொடுங்க."

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மாமா பையன் அந்த சச்சின் கார்டை இன்னும் வச்சிருக்கான். 186 மேல பால்பாயின்ட் கோடு, பக்கத்துல கோணலா 200. கிரேடிங் பண்றவங்ககிட்ட கொடுத்தா கிறுக்கல்னு திருப்பிக் கொடுத்துடுவாங்க. "அந்த ரவுண்டு உனக்குத்தான்டா"ன்னு என் அன்வர் கார்டைக் கொடுத்தேன். 15 வருஷம் லேட். வாங்கி, எண்ணிப் பார்த்துட்டு, "இன்னும் மூணு கார்டு பாக்கி"ன்னான்.

உங்க வீட்டுல பேனாவால திருத்தின ட்ரம்ப் கார்டு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.